பியானோவை யார் தூக்கி வருவது?

அமெரிக்கப் பியானோவின் கதை – 14

1934 மே 1 தேதியிட்ட ‘நியூ மாஸஸ்’ இதழில் ஒரு பாட்டு இசைக்குறிப்போடு அச்சாகி வந்தது. வரிகள் கவிஞர் ஆல்ஃபிரட் ஹேஸுடையவை. மெட்டு ஆரன் கோப்லண்டுடையது. மே தினத்தன்று தொழிலாளர்களை வீதிக்கு அழைக்கும் பாட்டு. நியூயார்க்கின் இடதுசாரி இசையமைப்பாளர்கள் பலரும் அதே கவிதைக்குப் போட்டி போட்டு மெட்டமைத்ததில் கோப்லண்டின் மெட்டு வென்றிருந்தது. தோற்றவர்களில் சார்ல்ஸ் சீகரும் ஒருவர். கோப்லண்டுடையதுதான் உயர்ந்த இசை என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவரிடமே ஒரு சந்தேகத்தைக் கேட்டார். மெட்டு இப்படித் தாவித் தாவிப் போகிறதே, சுருதி நடுவழியில் மாறுகிறதே, பியானோ கூடவே வந்து பிடித்துக்கொண்டால் அல்லவா பாட முடியும்? மே தினத்தில் வீதிக்குப் பியானோவை யார் தூக்கி வருவது?

சீகர் பிற்காலத்தில் இதைச் சிரித்தபடி சொல்வது வழக்கம். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்ட கேள்விகளில் இது ஒன்று. அமெரிக்கப் பியானோ இசையில் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் நடந்தவற்றில் பாதியை இந்தக் கேள்வியின் வால் பிடித்தே சொல்லிவிடலாம்.

சென்ற இதழ்களில் கெர்ஷ்வினோடு நிறைய நேரம் கழித்துவிட்டோம். 15 வயதில், வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு ரெமிக் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் புதுப் பாட்டுகளை வாசித்துக் காட்டிய பையன், 1924 பிப்ரவரி 12-ஆம் தேதி ஏயோலியன் அரங்கில் ‘ராப்சடி இன் ப்ளூ’வை வாசித்த கதை அது. அந்தக் கதையில் பாட்டுக் கடைக்கும் கச்சேரி அரங்கத்துக்கும் நடுவே சில தெருக்கள்தான். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் எல்லாம் பியானோ இருந்த காலம் அது. பாட்டு அச்சானதும் அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் ஒலித்துவிடும். அந்த உலகம் எவ்வளவு வேகமாக முடிந்துபோனது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1909-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் செய்த பியானோக்கள் 3,60,000-க்கு மேல். 1932-ல் அது 30,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமஃபோனும் ரேடியோவும் பாதி வேலையை முடித்திருந்தன. மீதியை 1929-ன் பங்குச் சந்தை வீழ்ச்சி பார்த்துக்கொண்டது.

கோப்லண்டும் ஜாஸ் வழியாக வந்தவர்தான். 1927 ஜனவரியில் பாஸ்டனில் அவரே வாசித்த பியானோ கன்சர்ட்டோவைக் கேட்டு அந்த ஊர் விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு அவருக்கே ஜாஸ் அலுத்துவிட்டது. அதில் கிடைப்பது இரண்டே மனநிலைகள், ஒன்று ப்ளூஸின் ஏக்கம், இன்னொன்று துள்ளல் என்று எழுதினார். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கேட்ட ஜாஸ் எது என்ற கேள்வி எழுகிறது. எப்படியோ, 1930-ல் அவர் எழுதிய ‘பியானோ வேரியேஷன்ஸ்’ எலும்பை மட்டும் விட்டுவைத்த இசை. அதில் முணுமுணுத்துக்கொண்டு போக ஒரு வரி கிடைக்காது.

பொருளாதார மந்தம் இந்த எலும்பு இசைக்காரர்களைத்தான் முதலில் உலுக்கியது. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஊரில் நாம் யாருக்காக எழுதுகிறோம்? 1932-ல் நியூயார்க்கில் ‘கம்போசர்ஸ் கலெக்டிவ்’ என்ற குழு உருவானது. சார்ல்ஸ் சீகர், ஹென்றி கவெல், மார்க் பிளிட்ஸ்டைன், எலி சீக்மைஸ்டர் என்று நல்ல பயிற்சி பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். கோப்லண்டும் அவ்வப்போது வந்து போனார். அவர்களுக்கு ஆதர்சம் ஜெர்மனியின் ஹான்ஸ் ஐஸ்லர். தொழிலாளர்களுக்குப் புதிய இசை வேண்டும், புரட்சிகரமான சொற்களுக்குப் புரட்சிகரமான சுரங்கள் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாட்டுப்பாடலா? அது பழைய சரக்கு. சீகர் ‘கார்ல் சாண்ட்ஸ்’ என்ற புனைபெயரில் ‘டெய்லி ஒர்க்கர்’ நாளிதழில் எழுதிவந்தார். நாட்டுப்பாடல்கள் பலவும் சோர்வும் தோல்வி மனப்பான்மையும் நிறைந்தவை என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அவர்கள் வெளியிட்ட ‘ஒர்க்கர்ஸ் சாங் புக்’ இரண்டு தொகுதிகளையும் புரட்டிப் பார்த்தால், தேர்ந்த பாடகர் குழு ஒன்று இல்லாமல் எந்தத் தொழிலாளியும் அவற்றில் பலதையும் பாடியிருக்க முடியாது என்று தெரியும்.

அதே ஆண்டுகளில் கென்டக்கி மலைகளில் பாட்டு வேறு விதமாகப் பிறந்துகொண்டிருந்தது.

1931 பிப்ரவரியில் ஹார்லன் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியில் பத்து சதவீதத்தை வெட்டினார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையிலிருந்தும் கம்பெனி வீட்டிலிருந்தும் துரத்தினார்கள். மே 5-ஆம் தேதி எவர்ட்ஸ் என்ற ஊரருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில் நான்கு பேர் செத்தார்கள். ஷெரிஃப் ஜே. எச். பிளேர் வெளிப்படையாகவே சுரங்க முதலாளிகளின் ஆள். அவருடைய ஆட்கள் சங்க ஊழியர் சாம் ரீஸைத் தேடி அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். சாம் அங்கே இல்லை. வீட்டில் மனைவி ஃப்ளாரன்ஸும் குழந்தைகளும்தான். வந்தவர்கள் வீட்டைக் குடைந்து தேடினார்கள். வெளியே சாமுக்காகக் காத்திருந்தார்கள். ஃப்ளாரன்ஸ் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில் ஒரு பாட்டு எழுதினார். மெட்டுக்குத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு மெட்டு நாக்கிலேயே இருந்தது. ‘நீ எந்தப் பக்கம்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு அது. பாடப் பியானோ எதுவும் தேவையில்லை. கேட்டவர் இரண்டாவது முறை கூடவே பாடிவிடுவார்.

ஹார்லனுக்கு அருகே, பெல், கிளே மாவட்டங்களில் இன்னொரு குடும்பம் இருந்தது. மாலி ஜாக்சன் 1880-ல் பிறந்தவர், மலைக் கிராமங்களில் பிரசவம் பார்ப்பவர். ஊரே அவரை ‘ஆன்ட் மாலி’ என்றுதான் கூப்பிட்டது. அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளி, போதகர், சங்கத்துக்காரர். தம்பி ஜிம் கார்லண்டும் தங்கை சாரா ஓகனும் மாலியைப் போலவே பாட்டுக் கட்டுகிறவர்கள். நாவலாசிரியர் தியோடர் டிரைசர் தலைமையில் ஒரு குழு 1931 நவம்பரில் சுரங்கப் பகுதிக்கு விசாரணைக்கு வந்தபோது, மாலி வாக்குமூலத்தோடு ஒரு பாட்டையும் கொடுத்தார். குழந்தைகளின் பசியைப் பற்றிய பாட்டு. சில வாரங்களில் அவரும் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஊரில் இருந்தால் ஆபத்து என்ற நிலை.

அப்படி வந்தவரைத்தான் கம்போசர்ஸ் கலெக்டிவ் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் பாடினார். மூக்கில் அழுத்திய குரல், வாத்தியம் இல்லை, இழுத்து வளைத்துப் பாடும் மலைப் பாணி. கூடியிருந்த மேதைகளுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் போட்டுக் காட்டிய இசை மாலிக்கும் ஒட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் சீகர் அவரிடம் போய், நீங்கள் போவதுதான் சரியான பாதை, நாங்கள்தான் வழி தவறிவிட்டோம் என்ற பொருளில் பேசியதாகச் சொல்லியிருக்கிறார். தொழிலாளர்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று வாராவாரம் விவாதித்த அறைக்குள் தொழிலாளி வர்க்கத்தின் பாட்டே நடந்து வந்திருக்கிறது. அது உள்ளே வந்ததை அடையாளம் கண்டவர்கள் அன்று மிகச் சிலர். சீக்மைஸ்டர் அவர்களில் ஒருவர். பின்னர் மாலியிடம் உட்கார்ந்து அவருடைய பாடல்களைக் குறித்துக்கொண்டார். 1944-ல் ‘அமெரிக்கன் சொனாட்டா’ என்ற பியானோப் படைப்பையும் எழுதினார்.

சீகர் கட்சி மாறியது முழுமையானது. 1935 இறுதியில் வாஷிங்டனில் அரசு வேலைக்குப் போனார். நிலம் இழந்து இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கு ரூஸ்வெல்ட் அரசு அமைத்த குடியிருப்புகளுக்கு இசைக்காரர்களை அனுப்பும் வேலை. அவருக்குக் கீழே சிட்னி ராபர்ட்சன் என்ற பெண், ரெக்கார்டிங் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பாட்டுப் பதிவு செய்தார். சீகரின் மகன் பீட், பதினேழு வயதில் அப்பாவோடு வட கரோலினாவின் ஆஷ்வில் நாட்டுப்புறத் திருவிழாவுக்குப் போய், அங்கே ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டு மயங்கினான். அந்தப் பீட் சீகரின் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த அத்தியாயத்தில் முக்கியமானவர் அந்த வீட்டின் இன்னொரு ஆள்: சீகரின் இரண்டாம் மனைவி ரூத் கிராஃபோர்ட்.

1930-ல் இசையமைப்புக்காக குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் பெண் ரூத். அதே ஆண்டு அவர் எழுதிய ‘பியானோ ஸ்டடி இன் மிக்ஸ்ட் ஆக்சென்ட்ஸ்’ ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் கார்டு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கைகளும் ஒரே வரியை வெவ்வேறு ஸ்தாயிகளில் சேர்ந்தே ஓட்டுகின்றன. அழுத்தம் விழும் இடம் மட்டும் நொடிக்கு நொடி மாறுகிறது. அடுத்த ஆண்டு எழுதிய ஸ்டிரிங் குவார்டெட்டை இன்றும் உலகெங்கும் வாசிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வாஷிங்டனுக்கு வந்த பிறகு தன் சொந்த இசையை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் தென் மாநிலங்களில் பதிவு செய்துகொண்டு வந்த தட்டுகளைக் கேட்டு இசைக்குறிப்பு எழுதும் வேலையில் இறங்கினார். ரூத் வீணாகிப்போனார் என்று வருந்தும் இசை வரலாற்றாசிரியர்கள் உண்டு. நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பியானோப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, வறுமையோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு சிம்பொனி எழுத நேரம் இருந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அவர் செய்த குறிப்பெழுத்தைப் பார்த்தால் வீண் என்ற சொல் வாயில் வராது.

சுரஸ்தானத்தில் அடங்காத சுரம், எண்ணிக்கையில் அடங்காத தாளம், பாடுபவர் மூச்சுக்காக வரியின் நடுவில் விடும் அரை மாத்திரை, எதையும் அவர் ‘திருத்த’வில்லை. ஒரே தட்டை ஊசி தேயும்வரை மறுபடி மறுபடி கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதினார். நகரத்து வெளியீட்டாளர்கள் நாட்டுப்பாடலுக்கு இனிப்புப் பூசி, கீழே அழகான கார்டுகளை அடுக்கி விற்ற காலத்தில் இது. அழுத்தம் இடம் மாறும் விளையாட்டை 1930-ல் பியானோவில் தானே கண்டுபிடித்து எழுதியவருக்கு, அதே விளையாட்டைக் கென்டக்கி ஃபிடில்காரர் யாரிடமும் கற்காமலே செய்வது கேட்டிருக்கும். நவீன இசையில் பழகிய காதுதான் அந்தக் கரடுமுரடை அச்சம் இல்லாமல் பதிவு செய்தது.

லோமாக்ஸ்களின் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ புத்தகம் 1941-ல் வந்தபோது, அதற்கு ரூத் எழுதிய நீண்ட முன்னுரை நீளம் கருதி விடப்பட்டது. அது தனிப் புத்தகமாக வெளிவந்தது 2001-ல். அவர் இறந்து 48 ஆண்டுகள் கழித்து.

பியானோவுக்கும் அவர் கொஞ்சம் செய்தார். 1936-க்கும் 1938-க்கும் இடையே, பியானோ படிக்கும் பிள்ளைகளுக்காக நாட்டுப்பாடல்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதினார். அன்றைய பாடப் புத்தகங்கள் எல்லாம் ஐரோப்பிய மெட்டுகளாக இருந்தன. சொந்த நாட்டு மெட்டில் கொஞ்சமாவது குழந்தையின் விரலில் ஏறட்டும் என்பது எண்ணம். இடது கையில் இரண்டு சுரம், சில இடங்களில் ஒன்றே ஒன்று. இனிப்பே கிடையாது. பாட்டுக்காரரின் குரலும் ஒரு பாஞ்சோவும் சேர்ந்தால் எவ்வளவு வெற்றிடம் இருக்குமோ அவ்வளவு வெற்றிடம். கேட்க எளிமை. பின்னால் இருக்கும் முடிவு எளிமையானது அல்ல.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. வாஷிங்டன் பல்பொருள் அங்காடி ஒன்றில் ரூத்தின் சிறு மகள் பெகி கூட்டத்தில் தொலைந்துபோக, அங்கே பொம்மைப் பிரிவில் வேலை பார்த்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி குழந்தையைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பழக்கத்தில் அவர் சீகர் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டாருக்குத் தெரிந்தது, அவர் கிதார் வாசிப்பவர் என்பது. இடக்கைக்காரர், கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். ‘ஃபிரெய்ட் ட்ரெய்ன்’ என்ற புகழ்பெற்ற பாட்டு அவர் சிறுமியாக இருந்தபோது கட்டியது. நாட்டுப்பாடலைத் தேடி நாடெங்கும் கார் அனுப்பிய குடும்பத்தின் அடுக்களையிலேயே அது இருந்திருக்கிறது.

ரூத் எழுதிய குறிப்புகளில் ஒன்று உலகம் சுற்றியது. 1937 அக்டோபரில் ஆலன் லோமாக்ஸ் கென்டக்கியின் சேலியர்ஸ்வில் என்ற சிற்றூரில் பில் ஸ்டெப் என்ற ஃபிடில்காரரைப் பதிவு செய்தார். ‘போனபார்ட்டின் பின்வாங்கல்’ என்பது பழைய மெட்டு; மற்றவர்கள் அதை மெதுநடை அணிவகுப்பாக வாசிப்பார்கள். ஸ்டெப் அதை நாலுகால் பாய்ச்சலில் வாசித்தார். ரூத் அதை அப்படியே சுரத்தில் எழுத, அது 1941 புத்தகத்தில் அச்சானது. அந்தப் பக்கம் கோப்லண்டின் மேசைக்கு வந்தது. 1942 அக்டோபர் 16-ஆம் தேதி நியூயார்க்கில் அரங்கேறிய ‘ரோடியோ’ பாலேயின் கடைசிப் பகுதி ‘ஹோ-டவுன்’ பிறந்தது அப்படித்தான். ஸ்டெப்பின் வில் இழுப்பு ஏறக்குறைய சுரத்துக்குச் சுரம் அதில் இருக்கிறது. பிறகு பியானோவுக்கும் வந்தது, ராக் குழுவுக்கும் போனது, மாட்டிறைச்சி விளம்பரத்தில்கூட ஒலித்தது. அமெரிக்காவின் குரல் என்றால் இந்த மெட்டைத்தான் பலரும் முணுமுணுப்பார்கள். ஸ்டெப் யார் என்று கேட்டால் விழிப்பார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் யாராலும் பாட முடியாத மே தினப் பாட்டை எழுதிய அதே கோப்லண்ட் இப்போது எல்லோரும் முணுமுணுக்கும் இசையை எழுதிவிட்டார். ஆனால் ‘ஹோ-டவுன்’ பளபளப்பானது. சேலியர்ஸ்வில்லின் புழுதி அதில் இல்லை. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். பாலேவுக்கு எழுதியது, ஆட வைக்கிறது. ரூத்தின் அந்த வெற்றிடத்தைக் கேட்ட காதுக்கு மட்டும் ஒரு நெருடல்.

பிறகு வந்த பத்தாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் பதவியேற்பு நிகழ்ச்சியிலிருந்து கோப்லண்டின் ‘லிங்கன் போர்ட்ரெய்ட்’ நீக்கப்பட்டது. மே மாதம், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மெக்கார்த்தி குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. சார்ல்ஸ் சீகர் அரசு சார்ந்த வேலையைவிட்டு விலகினார். அந்த நவம்பரில் ரூத் புற்றுநோயில் இறந்தார், வயது 52. நாட்டுப்பாடல் என்றாலே போலீஸ் பார்வை விழும் காலம். பல்கலைக்கழக இசைத் துறைகளில் கணிதம் போல அடுக்கப்பட்ட பன்னிரு சுர இசையே மரியாதைக்குரியதாக இருந்தது. கோப்லண்டே ‘பியானோ ஃபேன்டசி’யில் அந்தப் பக்கம் சாய்ந்தார்.

அந்தத் துறைகளில் தேறி வந்தவர்தான் ஃபிரெடரிக் ஜெஃப்ஸ்கி. மாசசூசெட்ஸில் 1938-ல் பிறந்து, ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர். பியானோவில் அசுரன். 1966-ல் ரோமில் நண்பர்களோடு சேர்ந்து மின்னணுக் கருவிகளை வைத்து மனோதர்ம இசைக் குழு நடத்தியவர். 1971-ல் ஆட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து சுடப்பட்டபோது, அங்கே இறந்த கைதி ஒருவரின் கடிதத்தை வைத்து ஒரு படைப்பு எழுதினார். படிப்பாளிகளின் இசைக்கும் ஊர்வலத்தின் பாட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் அவருக்குப் பொறுக்கவில்லை. 77 வயதில் பிட்ஸ்பர்க்கில் ஒரு மீன் அங்காடியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, தன் ஒரு மணி நேரப் படைப்பை வாசித்துக் காட்டிய ஆள் இவர். சீகர் கேட்ட கேள்விக்கு மீன்கடைவரைக்குமாவது பியானோ வந்தது.

1978-79-ல் ஜெஃப்ஸ்கி ‘நார்த் அமெரிக்கன் பேலட்ஸ்’ என்ற தலைப்பில் நான்கு பியானோத் துண்டுகளை எழுதினார். எழுதியது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் பியானோ கலைஞர் பால் ஜேக்கப்ஸுக்காக. நான்குக்கும் மூலம் நான்கு பாட்டு. முதல் துண்டு மாலியின் தங்கை சாரா, பட்டினியில் செத்த குழந்தைகளை நினைத்துப் பாடிய ‘கொடிய நினைவுகள்’. இரண்டாவது ஃப்ளாரன்ஸ் ரீஸின் காலண்டர் தாள் பாட்டு. மூன்றாவது, வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் ஒலித்த பழைய கறுப்பின ஆன்மிகப் பாடல் ‘டவுன் பை தி ரிவர்சைடு’. நான்காவது தென் கரோலினாவின் வின்ஸ்பரோ பஞ்சாலைத் தொழிலாளர் பாட்டு.

தனக்கு முன்மாதிரி பாக்கின் கோரல் பிரிலூடுகள் என்று ஜெஃப்ஸ்கி சொல்லியிருக்கிறார். பாக் லூத்தரன் தேவாலயப் பாட்டை எடுத்து, அதன் துணுக்குகளிலிருந்தே சுற்றியுள்ள எல்லாக் குரல்களையும் நெய்தார். கேட்கிறவர்களுக்கு அந்தப் பாட்டு சிறுவயதிலிருந்தே மனப்பாடம். எவ்வளவு ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள். ஜெஃப்ஸ்கியின் நிலை அதற்கு நேர் எதிர். கச்சேரி அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களில் பலருக்கு ஃப்ளாரன்ஸின் மெட்டே தெரியாது. அவர்கள் முதலில் கேட்பது சிதறலை. மெட்டின் சிறு துண்டுகள் வெவ்வேறு சுருதிகளில் ஒன்றை ஒன்று இடைமறிக்கின்றன, ஆளுக்கு ஆள் பேசும் சங்கக் கூட்டம் போல. அதற்குள்ளிருந்து பாட்டு மெல்ல ஒன்று கூடுகிறது. இடையில் வாசிப்பவரின் மனோதர்மத்துக்கும் இடம் விட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாத பாட்டை வைத்துக் கோரல் பிரிலூட் எழுதுவது, கேட்பவரிடமே ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியைத் திருப்புவதுதான்.

நான்கில் எனக்கு மிகப் பிடித்தது வின்ஸ்பரோ. அந்தப் பாட்டின் வம்சாவளியே வேடிக்கையானது. 1919-ல் மதுவிலக்கு வரப்போகும் நேரத்தில் ஆல்பர்ட் வான் டில்ஸர் என்ற நியூயார்க் பாட்டுக் கடைக்காரர், குடிக்க முடியாமல் போகும் சோகத்தை வைத்து ‘ஆல்கஹாலிக் ப்ளூஸ்’ என்றொரு பாட்டு போட்டார். கெர்ஷ்வின் பழகிய அதே பாட்டுச் சந்தையின் சரக்கு. அது எப்படியோ தெற்கே போய்ச் சேர்ந்து, 1930-களில் வின்ஸ்பரோ ஆலைத் தொழிலாளர்கள் அதற்குத் தங்கள் வரிகளைப் போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரியைக் கிண்டல் செய்யும் வரிகள். செத்தாலும் ஆலைச் சுவரிலேயே என்னை மாட்டிவிடுங்கள், சொர்க்கத்திலும் நூல் சுற்றத்தான் போகிறேன் என்கிற கசந்த சிரிப்பு. பீட் சீகர் அதைப் பாடி 1956-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். நாட்டுப்பாடல் மலையில் பிறந்து நகரத்துக்கு வரும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். இங்கே நகரத்தின் கடைச் சரக்கு ஆலைக்குப் போய் நாட்டுப்பாடலாகித் திரும்பியிருக்கிறது.

ஜெஃப்ஸ்கி இதைத் தொடங்கும்போது மெட்டே இல்லை. பியானோவின் அடிக்கட்டைகளில் மெதுவான ஒரு அதிர்வு. கேட்கும்போது சுரமாகத் தெரியாது; தரை நடுங்குவது போலத்தான் இருக்கும். இரண்டு கைகளும் உள்ளங்கையால் மாறி மாறி ஒரே தாளத்தில் அழுத்துகின்றன. சத்தம் ஏறுகிறது, முழங்கை வரை கட்டைகள் மேல் விழுகிறது. ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ப்ளூஸ் துண்டு துண்டாக மேலே வருகிறது. ஒரு கட்டத்தில் இயந்திரம் அடங்கி, மெதுவான, சோம்பலான, அழகான ப்ளூஸ் ஒன்று தனியாக ஒலிக்கும். ஷிஃப்ட் முடிந்த நேரமா, கனவா என்பது வாசிப்பவர் கையில்.

முழங்கையால் கட்டைகளை அழுத்தும் இந்த வித்தை ஜெஃப்ஸ்கி கண்டுபிடித்தது அல்ல. ஹென்றி கவெல் 1910-களிலேயே கலிஃபோர்னியாவில் அதைச் செய்து காட்டினார். கவெல் யார்? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் சீகரின் மாணவர், கம்போசர்ஸ் கலெக்டிவ்காரர், பாட்டுப் பதிவு செய்யக் கார் ஓட்டிய சிட்னி ராபர்ட்சனைப் பின்னாளில் மணந்தவர். நம் வாசகர்களுக்கு இன்னொரு தகவல்: 1931-ல் பெர்லினில் தங்கியிருந்தபோது அவர் கர்நாடக சங்கீதம் பயின்றது நம்முடைய பி. சாம்பமூர்த்தியிடம். தன் 13-ஆம் சிம்பொனிக்கு அவர் வைத்த பெயர் ‘மதராஸ்’.

கவெலுக்கு அந்தச் சுரக்கொத்து கடல் அலையாகவும் ஐரிஷ் புராணமாகவும் இருந்தது. ஜெஃப்ஸ்கி அதை ஆலைக்குள் கொண்டுபோனார். எனக்கு இது மிகச் சரியான இடம் என்று தோன்றுகிறது. பியானோவைப் பார்த்தால் வரவேற்பறைப் பொருள் போல இருக்கும், மேலே மெழுகிட்ட மரம். உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். அதை ஒரே வார்ப்பாகச் செய்ய 1825-ல் காப்புரிமை பெற்றவர் பாஸ்டனின் அல்ஃபியஸ் பாப்காக். தந்திகளின் இழுவிசை எல்லாம் சேர்ந்து சுமார் 20 டன். அந்தச் சட்டமும் நெசவாலையின் இயந்திரங்களும் ஒரே நூற்றாண்டில், ஒரே வகை வார்ப்படச் சாலையிலிருந்து வந்தவை. நூறு ஆண்டுகளாக எல்லா இசையமைப்பாளர்களும் அந்த இரும்பை மறைத்துப் பாட வைக்கப் படாத பாடு பட்டார்கள். வின்ஸ்பரோவின் முதல் இரண்டு நிமிடங்களில் இரும்பு தன் குரலிலேயே பேசுகிறது. ரூத் கிராஃபோர்ட் பாட்டின் கரடுமுரடைத் திருத்தாமல் விட்டார். ஜெஃப்ஸ்கி அந்தக் கரடுமுரடுக்கு ஏற்றபடி பியானோவையே மாற்றிவிட்டார். இந்த இரண்டும் ஒரே நேர்மையிலிருந்து வந்தவை என்றுதான் நான் படிக்கிறேன்.

பால் ஜேக்கப்ஸ் இந்த நான்கையும் பதிவு செய்து 1980-ல் நான்சச் நிறுவனம் வெளியிட்டது. ‘ப்ளூஸ், பேலட்ஸ் அண்ட் ராக்ஸ்’ என்று பெயர். அதே தட்டில் கோப்லண்டின் ‘ஃபோர் பியானோ ப்ளூஸ்’ இருக்கிறது. ஜாஸ் அலுத்துவிட்டது என்று சொன்னவர் 1926-லிருந்து 1948 வரை விட்டு விட்டு எழுதிச் சேர்த்த நான்கு சிறு துண்டுகள். வில்லியம் போல்கமின் ‘கோஸ்ட் ராக்ஸ்’ மூன்றும் உண்டு. ஜேக்கப்ஸ் 1983-ல், எய்ட்ஸ் நோயில், 53 வயதில் இறந்தார். அந்தத் தட்டு கிடைப்பவர்கள் முதலில் கோப்லண்டைக் கேளுங்கள், பிறகு வின்ஸ்பரோவைப் போடுங்கள். ஒலியைக் குறைத்து வைத்துத் தொடங்குவது உங்கள் ஸ்பீக்கருக்கு நல்லது.

மீன் அங்காடியில் ஜெஃப்ஸ்கி வாசித்தது இந்த நான்கில் எதுவும் அல்ல. அது சிலி நாட்டுப் பாட்டு ஒன்றின் மேல் 1975-ல் அவர் எழுதிய 36 வேரியேஷன்கள். அந்தப் பாட்டு சாந்தியாகோவின் தெருவில் எப்படிப் பிறந்தது, அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில், அதுவும் வாஷிங்டனின் கென்னடி மையத்தில், எப்படி அரங்கேறியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.